வீட்டுக்கு வந்த திரை – 14: வாங்கியவரின் உரிமை

சென்ற அத்தியாயத்தில் வீடியோ டேப்பின் கதையைப் பார்த்தோம். பீட்டாமேக்ஸும் விஎச்எஸ்ஸும் மோதிக்கொண்டதையும், தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமாகாது என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்ததையும் அதில் எழுதியிருந்தேன். இந்த அத்தியாயம் டிவிடி வந்து, கோலோச்சி, மறைந்த கதை. அதை ஒரு நாவலின் விலையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1904-இல் பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை வெளியிட்டது. பதிப்புரிமைக் குறிப்புக்குக் கீழே, இந்தப் புத்தகத்தை 1 டாலருக்குக் குறைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் அனுமதியில்லை, மீறினால் அது பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தார்கள். நியூயார்க்கின் பெரிய அங்காடியான மேசீஸ் அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்டுக்கு விற்றது. 11 சென்ட் தள்ளுபடிக்காகத் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908 ஜூன் 1 அன்று வந்த தீர்ப்பு மேசீஸுக்குச் சாதகமானது. புத்தகத்தை நகலெடுக்கும் உரிமை பதிப்பாளரிடமே இருக்கும். ஆனால் ஒரு பிரதியை விற்றுக் காசு வாங்கிவிட்ட பிறகு, அந்தப் பிரதியை வாங்கியவர் என்ன விலைக்கு விற்கிறார் என்று கேட்கப் பதிப்பாளருக்கு அதிகாரம் கிடையாது. அடுத்த ஆண்டே இது சட்டத்தில் ஏறியது. 1976-இல் எழுதப்பட்ட புதிய பதிப்புரிமைச் சட்டத்தில் 109-ஆம் பிரிவாக நிலைபெற்றது. சட்டம் படித்தவர்கள் இதை முதல் விற்பனைக் கோட்பாடு என்பார்கள். பழைய புத்தகக் கடை நடப்பதும், நூலகம் புத்தகம் இரவல் கொடுப்பதும் அமெரிக்காவில் இதன் பலத்தில்தான்.

டிவிடி போய் ஸ்ட்ரீமிங் வந்ததைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். இணையம் வேகமெடுத்தது, தகடு தோற்றது என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். இணையம் வேகமெடுத்தது உண்மைதான். ஆனால் அந்த மாற்றத்தில் கைமாறியது 1908-இன் உரிமை என்றே நான் கருதுகிறேன். வாங்கியவரிடம் 100 ஆண்டுகளாக இருந்த ஒன்று, யாரும் சட்டத்தைத் திருத்தாமலேயே, யாரும் தெருவில் இறங்கிக் கேட்காமலேயே, விற்றவரிடம் திரும்பிப் போயிற்று. அது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1977-இல் மிச்சிகனைச் சேர்ந்த ஆந்த்ரே பிளே, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்திடம் பேசி 50 படங்களை வீடியோ டேப்பாக விற்கும் உரிமையைப் பெற்றார். அதே ஆண்டு இறுதியில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்த டேப்புகளை வாங்கி, லாஸ் ஏஞ்சல்ஸின் வில்ஷயர் சாலையில் ஒரு சின்ன இடம் பிடித்து, வாடகைக்கு விடத் தொடங்கினார். ஒரு டேப்பின் விலை கிட்டத்தட்ட 50 டாலர். ஒரு நாள் வாடகை 10 டாலர். யாரிடமும் அவர் அனுமதி வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய டேப் அவருடையது.

ஸ்டூடியோக்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒரே டேப் 100 பேர் வீட்டுக்குப் போய்வருகிறது, தங்களுக்குக் கிடைப்பது முதல் விற்பனையின் காசு மட்டும் என்பது அவர்கள் மனக்குறை. 1980-களின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்குப் போய், வாடகைக்கு விடுவதற்குத் தங்கள் அனுமதி வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தக் கேட்டார்கள். கடைக்காரர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். திருத்தம் நிறைவேறவில்லை. இசைத்தட்டு நிறுவனங்களோ இதே கோரிக்கையை வைத்து 1984-இல் வெற்றி பெற்றன. 1990-இல் கணினி மென்பொருள் நிறுவனங்களும் பெற்றன. அமெரிக்காவில் வீடியோ வாடகைக் கடை தெருவுக்குத் தெரு முளைத்ததற்கும், பாட்டு சிடி வாடகைக் கடை என்று ஒன்று தலையெடுக்காமலே போனதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான். ரசனையிலோ சந்தையிலோ காரணம் தேடுபவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

சட்டம் கைகொடுக்காததால் ஸ்டூடியோக்கள் விலையை ஏற்றின. புதுப்பட டேப் ஒன்றுக்கு 80 டாலருக்கு மேல் வைத்தார்கள். குடும்பஸ்தர் யாரும் அந்த விலை கொடுத்து வாங்க மாட்டார். வாடகைக் கடைக்காரர்தான் வாங்குவார். இந்த ஏற்பாட்டில் வளர்ந்ததுதான் பிளாக்பஸ்டர். 1985 அக்டோபரில் டாலஸ் நகரில் ஒரு கடையாகத் தொடங்கி, 2004-இல் 9,000 கடைகளைத் தாண்டியது. அதன் கதையை விரிவாக எழுதியவர்கள் நிறையப் பேர்; நமக்கு இங்கே அது அவ்வளவு தேவையில்லை.

வார்னர் நிறுவனத்தின் வீடியோ பிரிவை நடத்திய வாரன் லீபர்ஃபார்ப் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். மக்கள் வாடகைக்கு எடுப்பதைத் தடுக்க முடியாது என்றால், வாங்குவதையே எளிதாக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. பாட்டு சிடியின் அதே 12 செ.மீ. அளவு, அதில் ஒரு முழுப் படம், விலை 20 முதல் 25 டாலர். புத்தகம் வாங்குவதுபோல் படத்தை வாங்கி அலமாரியில் அடுக்கட்டும் என்றார். தோஷிபாவும் வார்னரும் ஒரு பக்கமும், சோனியும் ஃபிலிப்ஸும் மறுபக்கமுமாக நின்ற சண்டை, ஐபிஎம் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் நெருக்கியதால் 1995-இல் ஓய்ந்தது. 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி கடைக்கு வந்தது. ஓர் அடுக்குத் தகட்டில் 4.7 ஜிபி. உலகை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. ஒரு மண்டலத்துத் தகடு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. விற்ற பொருளின் மேல் பிடி வைத்துக்கொள்ளும் ஆசை அப்போதும் இருந்தது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

அந்த ஆசை முழு உருவில் வெளிப்பட்டது டைவெக்ஸ் என்ற திட்டத்தில். இன்று அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. என் கணக்கில் இந்த வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சி அதுதான்.

சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் அங்காடித் தொடரும், லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரு வழக்கறிஞர் நிறுவனமும் சேர்ந்து 1997 செப்டம்பரில் டைவெக்ஸை அறிவித்தன. பார்க்க டிவிடி போலவே இருக்கும். விலை சுமார் 4.50 டாலர். வாங்கிக்கொண்டு போய் பிளேயரில் போட்ட நேரத்திலிருந்து 48 மணி நேரம் படம் ஓடும். அதன் பிறகு பூட்டிக்கொள்ளும். மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி கட்டணம். பிளேயரைத் தொலைபேசி இணைப்பில் செருகிவைக்க வேண்டும். அது அவ்வப்போது தலைமையகத்தை அழைத்து, யார் எந்தப் படத்தை எப்போது பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்லும். தகட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதனால் தாமதக் கட்டணமும் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். டிஸ்னி, பாரமவுண்ட், யுனிவர்சல், ஃபாக்ஸ், ட்ரீம்வொர்க்ஸ் என்று பெரிய ஸ்டூடியோக்கள் வரிசையாக ஆதரவு தந்தன. வார்னரும் சோனியின் கொலம்பியாவும் விலகி நின்றன.

1998 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோவிலும், சர்க்யூட் சிட்டியின் தலைமையகம் இருந்த ரிச்மண்ட் நகரிலும் சோதனை விற்பனை தொடங்கியது. படம் பார்ப்பவர்கள் கொதித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் என் அலமாரியில் இருக்கிறது, அது ஓடுமா ஓடாதா என்பதை வேறோர் ஊரில் இருக்கும் கணினி முடிவு செய்யுமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. டிவிடி ரசிகர்கள் அதை வாங்கவேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். போட்டிக் கடைகள் அதை அடுக்கக்கூட மறுத்தன. 1999 ஜூன் 16 அன்று டைவெக்ஸ் மூடப்பட்டது. சர்க்யூட் சிட்டிக்கு 10 கோடி டாலருக்கு மேல் நட்டம். 2001 ஜூன் 30-உடன் தலைமையகக் கணினியும் நிறுத்தப்பட்டது. அதுவரை வீடுகளில் இருந்த டைவெக்ஸ் தகடுகள் எல்லாம் அன்றோடு பயனற்றுப் போயின.

20-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்கர்கள் இவ்வளவு தெளிவாக மறுத்ததை, அடுத்த 12 ஆண்டுகளுக்குள் மாதச் சந்தா கட்டி மகிழ்ச்சியாக ஏற்றார்கள். இது எப்படி நடந்தது என்பதற்கான விடை, டைவெக்ஸ் சோதனைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஒரு சின்ன அஞ்சல்வழி வியாபாரத்தில் இருக்கிறது.

ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997 ஆகஸ்டில் ஸ்காட்ஸ் வேலி என்ற சிற்றூரில் நெட்ஃபிளிக்ஸைப் பதிவு செய்தார்கள். டேப் கனமானது, தபாலில் அனுப்பக் கட்டாது. டிவிடி மெலிது. உடையாமல் போய்ச் சேருமா என்று பார்க்க, ஒரு பாட்டு சிடியை வாழ்த்து அட்டை உறையில் வைத்து 32 சென்ட் தபால்தலை ஒட்டி ஹேஸ்டிங்ஸின் வீட்டுக்கே அனுப்பினார்கள். முழுசாகப் போய்ச் சேர்ந்தது. 1998 ஏப்ரல் 14 அன்று, 900-க்குச் சற்று மேற்பட்ட படங்களுடன் கடை திறந்தது. அன்று அமெரிக்காவில் டிவிடியாக வந்திருந்த படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அவ்வளவுதான்.

ஹேஸ்டிங்ஸ் ஒரு வாடகைப் படத்துக்கு 40 டாலர் தாமதக் கட்டணம் கட்டிய கோபத்தில் நிறுவனத்தைத் தொடங்கினார் என்ற கதை ஊரறிந்தது. அது பிற்பாடு விளக்கத்துக்கு வசதியாகச் சொல்லப்பட்டது என்று ராண்டால்ஃபே எழுதியிருக்கிறார். உண்மையான திருப்பம் 1999 செப்டம்பரில் வந்தது. தகட்டுக்கு இவ்வளவு என்பதை விட்டு, மாதச் சந்தா. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஒன்றைத் திருப்பி அனுப்பினால் நீங்கள் எழுதிவைத்த வரிசையில் அடுத்தது வரும். தாமதக் கட்டணம் என்ற சொல்லே இல்லை.

2000-இல் அவர்கள் டாலஸுக்குப் போய், 5 கோடி டாலருக்கு நிறுவனத்தை பிளாக்பஸ்டருக்கு விற்க முன்வந்ததும் மறுக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, நெட்ஃபிளிக்ஸ் தகடுகளை அனுப்பிய சிவப்பு உறைக்குப் பின்னால் நடந்த வேலை. நாடெங்கும் 50-க்கும் மேற்பட்ட கிடங்குகள். பெயர்ப் பலகை இருக்காது. விடியற்காலையில் தபால் நிலையத்திலிருந்து மூட்டைகள் வரும். ஊழியர்கள் உறையைக் கிழித்து, தகட்டை எடுத்து, கீறல் இருக்கிறதா, பெயர் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்து, துடைத்து, அடுத்தவர் உறைக்குள் இடுவார்கள். ஒருவர் மணிக்கு 600-க்கும் மேற்பட்ட தகடுகளைப் பார்த்துத் தள்ளுவார். அன்று மாலைக்குள் அவை மீண்டும் தபாலில். கிடங்கு அருகில் இருந்தால் மறுநாளே வீட்டு வாசலில் படம்.

இதில் தபால்காரர்களின் பங்கு பெரிது. திரும்பிவரும் உறைகள் கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டன. பெரும்பாலானவற்றைக் கையால் பிரித்தார்கள். இதனால் இரண்டே ஆண்டுகளில் தபால்துறைக்குச் சுமார் 4.2 கோடி டாலர் கூடுதல் கூலிச் செலவு ஆனதாக, அதன் தணிக்கை அலுவலகம் 2007-இல் அறிக்கை கொடுத்தது. ஒரு பொதுத்துறையின் உழைப்பு இல்லாமல் இந்த வியாபாரம் நடந்திருக்காது. நெட்ஃபிளிக்ஸின் வெற்றிக் கதைகளில் இந்த உழைப்பு ஒரு வரியில்கூட வருவதில்லை என்பது வருத்தம்.

ஹாலிவுட்டிடம் இந்த நிறுவனம் எதையும் கெஞ்சிப் பெற வேண்டியிருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்டூடியோவின் எந்தப் படமானாலும், டிவிடியாகக் கடைக்கு வந்த அன்றே காசு கொடுத்து வாங்கினால் போதும். 109-ஆம் பிரிவு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பத்தே ஆண்டுகளில் அதன் பட்டியல் 1 லட்சம் தலைப்புகளைத் தாண்டியது. கறுப்பு வெள்ளை ஜப்பானியப் படம், யாரும் மறுவெளியீடு செய்யாத ஆவணப்படம், இந்தியப் படங்கள் என்று எல்லாம் ஒரே கூரைக்குள். மனித வரலாற்றில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அவ்வளவு சினிமா எட்டிய காலம் அதற்கு முன் இருந்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அங்கேயே ஒரு மாற்றம் ஓசைப்படாமல் நடந்தது. 109-ஆம் பிரிவின் உரிமையாளர் சந்தாதாரர் அல்ல, நெட்ஃபிளிக்ஸ். சந்தாதாரர் அந்த உரிமையின் நிழலில் இருந்தவர். அலமாரியில் எதுவும் சேரவில்லை. வந்தது போயிற்று, அடுத்தது வந்தது. 8 ஆண்டுகள் இப்படிப் பழகியவர்களுக்கு, வைத்திருப்பது என்ற எண்ணமே சினிமாவிலிருந்து மெல்லப் பிரிந்துபோனது. டைவெக்ஸ் வைத்திருப்பவரின் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. நெட்ஃபிளிக்ஸ் காலத்தில் பிடுங்குவதற்குக் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

2007 ஜனவரியில் அது ஸ்ட்ரீமிங்கைத் தொடங்கியபோது, படங்கள் ஏறத்தாழ 1,000. விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும். கட்டும் சந்தாவுக்கு ஏற்ப நேரம் அளந்து கொடுத்தார்கள், மாதம் 17.99 டாலர் கட்டுபவருக்கு 18 மணி நேரம். தனிக் கட்டணம் இல்லை. டிவிடி சந்தாவோடு வந்த இனாம். இனாமாக வந்ததை யாரும் சந்தேகிக்கவில்லை. ஓராண்டில் நேர வரம்பையும் எடுத்தார்கள். 2008 மே மாதம், நெட்ஃபிளிக்ஸுக்குள்ளேயே உருவாகிப் பிறகு தனியே பிரிக்கப்பட்ட ரோக்கு பெட்டி 100 டாலருக்கு வந்தது. அதைத் தொலைக்காட்சியோடு இணைத்தால் படம் கணினியிலிருந்து கூடத்துக்கு வந்துவிடும். ஆண்டு இறுதிக்குள் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியிலும் வந்துவிட்டது.

இங்கேதான் சட்டத்தின் வேறு முகம் தெரிய வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் பிரதி எதுவும் விற்கப்படுவதில்லை. படம் நம் வீட்டில் ஓடுகிறது, ஆனால் அது காட்சியாகத்தான் கணக்கு. காட்சிக்கு உரிமைதாரரின் அனுமதி வேண்டும். எந்தப் படம், எத்தனை மாதம், எந்த நாட்டில், என்ன விலை என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம் என்றிருந்த நெட்ஃபிளிக்ஸ் முதன்முறையாக ஸ்டூடியோக்களின் வாசலில் நின்றது. 2008 அக்டோபரில் ஸ்டார்ஸ் என்ற கேபிள் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் டிஸ்னி, சோனி படங்களைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு வெறும் 3 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. எதை விற்றோம் என்று விற்றவர்களுக்கே அப்போது புரியவில்லை.

இதே காலத்தில் தகட்டுப் பக்கம் ரெட்பாக்ஸ் கிளம்பியிருந்தது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்குள் பிறந்த திட்டம் அது. கடை வாசல்களில் சிவப்பு இயந்திரம். ஓர் இரவுக்கு 1 டாலர். டிவிடி விற்பனை சரிகிறதே என்ற அச்சத்தில் யுனிவர்சலும் ஃபாக்ஸும் வார்னரும், ரெட்பாக்ஸுக்குப் புதுப் படத்தைக் கொடுக்காதீர்கள் என்று மொத்த விற்பனையாளர்களிடம் சொல்லிவிட்டன. ரெட்பாக்ஸ் வழக்குப் போட்டது. அதைவிட அழகான காரியம் ஒன்றும் செய்தது: ஊழியர்களை வால்மார்ட்டுக்கு அனுப்பி, எல்லோரையும்போல் கவுன்டரில் காசு கொடுத்து டிவிடிகளை வாங்கி இயந்திரத்தில் நிரப்பியது. அதைத் தடுக்க எந்த ஸ்டூடியோவாலும் முடியவில்லை. மேசீஸின் 89 சென்ட் நாவல் 100 ஆண்டு கழித்தும் வலுவோடு இருந்தது.

நெட்ஃபிளிக்ஸும் அப்படிச் செய்திருக்கலாம். 2010 ஜனவரி 6 அன்று அது எதிர்த்திசையில் நடந்தது. வார்னரின் புதுப் படங்களை, டிவிடி கடைக்கு வந்து 28 நாள் கழித்தே வாடகைக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டது. பதிலுக்கு மலிவாகத் தகடுகளும், கூடவே ஸ்ட்ரீமிங்குக்கு வார்னர் படங்களும் கிடைத்தன. சில மாதங்களில் ஃபாக்ஸோடும் யுனிவர்சலோடும் இதே உடன்பாடு. எந்தச் சட்டமும் கேட்காத 28 நாளை, தகட்டின் மேல் தனக்கிருந்த உரிமையை, ஸ்ட்ரீமிங் அனுமதிக்காக அது பண்டமாற்று செய்தது. பின்னால் நடந்த எல்லாமே அந்த ஒரு கையெழுத்தில் அடங்கியிருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. வியாபாரக் கணக்கில் அதைக் குறை சொல்ல முடியாது. தபாலுக்கு மட்டும் அந்நாளில் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் செலவாகிக்கொண்டிருந்தது. இணையத்தில் ஒரு படத்தை அனுப்ப ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் சில காசுகள்.

பழைய உரிமையை இணையத்துக்குள் கொண்டுபோக முயன்றவர்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஸெடிவா என்ற சின்ன நிறுவனம் 2011 மார்ச்சில் ஒரு துணிச்சலான ஏற்பாட்டைச் செய்தது. உண்மையான டிவிடிகளைக் கடையில் வாங்கி, உண்மையான பிளேயர்களில் போட்டு, ஒரு கூடத்தில் வரிசையாக அடுக்கியது. 1.99 டாலர் கட்டினால் அந்தப் பிளேயரும் தகடும் உங்களுக்கு வாடகை. படம் இணையம் வழியே உங்கள் திரைக்கு வரும். ஒரு தகட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். எல்லாத் தகடும் வெளியே இருந்தால் காத்திருக்க வேண்டும். வாடகைக் கடைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், கம்பியின் நீளம் என்பது அவர்கள் வாதம். ஸ்டூடியோக்கள் ஏப்ரலில் வழக்குத் தொடர்ந்தன. இது வாடகை இல்லை, பொதுமக்களுக்குக் காட்டும் காட்சி என்று ஆகஸ்டில் நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபரில் 18 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ஸெடிவா மூடப்பட்டது. முதல் விற்பனையின் உரிமை கம்பிக்குள் நுழையாது என்பது அன்று உறுதியானது. இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. பேசப்பட வேண்டியது இது.

அதே 2011-இல் எல்லோரும் பேசியது வேறொன்றைப் பற்றி. ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டு சேவைகளையும் பிரித்தது. அதுவரை 9.99 டாலருக்குக் கிடைத்த இரண்டும் சேர்த்து இனி 15.98. செப்டம்பர் 18 அன்று, டிவிடி வியாபாரத்தைக் குவிக்ஸ்டர் என்ற பெயரில் தனி நிறுவனமாக்கப் போவதாக ஹேஸ்டிங்ஸ் அறிவித்தார். எதிர்ப்பு மூண்டது. அக்டோபர் 10 அன்று அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் 8 லட்சம் சந்தாதாரர்கள் விலகியிருந்தார்கள். பெயர் போனாலும் பிரிவினை நிலைத்தது. மக்களின் கோபம் விலை உயர்வின் மேல் இருந்தது. இரண்டில் எது தங்களுக்கு அதிகம் தருகிறது என்று ஒப்பிட்டவர்கள் அதிகமில்லை. தகட்டுப் பட்டியலில் 1 லட்சம் தலைப்புகள் இருந்தன. ஸ்ட்ரீமிங்கில் இருந்தது அதில் சிறு பங்கு. 2012 பிப்ரவரி இறுதியில் ஸ்டார்ஸ் ஒப்பந்தம் முடிந்ததும் டிஸ்னி படங்கள் ஒரே இரவில் அதிலிருந்து காணாமல் போயின. இரவல் வாங்கிய படங்களை நம்பி இருக்க முடியாது என்று கண்ட நெட்ஃபிளிக்ஸ், 2013 பிப்ரவரி 1 அன்று ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரை வெளியிட்டுத் தானே தயாரிப்பாளராயிற்று. ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, டிஸ்னி பிளஸ் போன்ற சொந்தக் கடைகளைத் திறந்தன.

ஸ்ட்ரீமிங் கொண்டுவந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களையே எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் அவர்களுக்குத் தமிழ்ப் படம் கிடைத்தது இந்திய மளிகைக் கடையின் ஒரு மூலையில், அரிசி மூட்டைக்கும் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் பக்கத்தில் அடுக்கியிருந்த டேப்பிலும் டிவிடியிலும்தான். வார இறுதியில் காரோட்டிப் போய் எடுத்துவர வேண்டும். வந்தது பலமுறை தேய்ந்த பிரதியாக இருக்கும். கடை இல்லாத ஊரில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இன்று சென்னையில் பார்க்கும் அன்றே மொன்டானாவிலும் பார்க்கிறார்கள். வசன வரிகளோடு, பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இது பெரிய விஷயம்.

அமெரிக்கக் கடைகளில் டிவிடி விற்பனை 2006 வாக்கில் 1,600 கோடி டாலரைத் தொட்டு, பிறகு சரிவில் இறங்கியது. அடுத்த தலைமுறைத் தகட்டுக்கான போட்டியில் 2008 பிப்ரவரியில் எச்டி டிவிடியை வீழ்த்திய புளூ-ரே அந்தச் சரிவைத் தடுக்கவில்லை. பிளாக்பஸ்டர் 2010 செப்டம்பரில் திவாலானது. ரெட்பாக்ஸ் 2024-இல் முடங்கியபோது 20,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் கடை வாசல்களில் அநாதையாக நின்றன. நெட்ஃபிளிக்ஸ் கடைசித் தகட்டை 2023 செப்டம்பர் 29 அன்று தபாலில் சேர்த்தது. 25 ஆண்டுகளில் அனுப்பியவை 520 கோடிக்கு மேல். கடைசியாக வாங்கியவர்கள் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். விரும்பிக் கேட்டவர்களில் சிலருக்குக் கூடுதலாக 10 தகடுகள் வரை அனுப்பினார்கள்.

அந்த 1 லட்சம் தலைப்புகள் எங்கே போயின என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. சிலவற்றைக் காப்பாற்றியவர்கள் சாதாரணக் கடைக்காரர்களும் ரசிகர்களும். சியாட்டிலின் ஸ்கேர்குரோ வீடியோ 2014-இல் லாப நோக்கற்ற அமைப்பாக மாறி, 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு இன்றும் நடக்கிறது. நியூயார்க்கின் கிம்ஸ் வீடியோ தன் 55,000 படங்களை 2009-இல் சிசிலியின் சலேமி என்ற ஊருக்கு அனுப்பிவிட்டது. அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தச் சேகரிப்பு 2022-இல்தான் மன்ஹாட்டனுக்குத் திரும்பியது. பொது நூலகங்கள் இன்றும் டிவிடி இரவல் கொடுக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் துணை அதே 109-ஆம் பிரிவு. தகடு வெளிவராத படத்துக்கு அந்தத் துணை இல்லை. 2023 மே 12 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் நேரடியாக வெளியான ‘கிரேட்டர்’ என்ற முழுநீளப் படம், ஏழே வாரத்தில், செலவுக் கணக்கைக் குறைப்பதற்காக அங்கிருந்து நீக்கப்பட்டது. டிவிடி வரவில்லை. எந்த நூலகமும் அதை வாங்கி வைத்திருக்கவும் வழியில்லை.

கலிஃபோர்னியா அரசு 2024-இல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இணையத்தில் படத்தையோ விளையாட்டையோ ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைத்து விற்பவர்கள், கிடைப்பது திரும்பப் பெறக்கூடிய உரிமம்தான் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொன்னால் போதும், உரிமை எதையும் அது திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்தியாவில் நிலைமை தொடக்கத்திலிருந்தே வேறு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சினிமாப் படத்தின் பிரதியை வாடகைக்கு விடும் உரிமையை, அது முன்பே விற்கப்பட்ட பிரதியாக இருந்தாலும், படத்தின் உரிமைதாரரிடமே வைத்திருந்தது. அமெரிக்காவில் முறையாக வாங்கிய டிவிடிகளைக் கொண்டுவந்து டெல்லியில் வாடகைக்கு விட்ட ஒரு கடைக்கு எதிராக வார்னர் போட்ட வழக்கில், 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்காரருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அட்கின்சன் லாஸ் ஏஞ்சல்ஸில் செய்ததை இங்கே சட்டப்படி யாரும் அனுமதியின்றிச் செய்திருக்க முடியாது. ஆனாலும் 1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டில் வீடியோ கடை இல்லாத ஊர் அபூர்வம். அந்தக் கடைகள் எப்படி நடந்தன, அங்கே வாடகைக்குப் போன பிரதிகள் எங்கிருந்து வந்தன என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)